தள்ள முடிந்த வண்டி

மே மாதம் பிறந்துவிட்டால் டெல்லி கரோல்பாக் மோட்டார் சைக்கிள் கடைத்தெருவுக்கு ஒரு போர்க்களை வந்துவிடும். லடாக் போகிற கூட்டம். வாடகை புல்லட்டுகள் நடைபாதையை அடைத்து நிற்கும். பின்னிருக்கையின் இரு பக்கமும் சாமான் கட்ட இரும்புச் சட்டம், உபரி பெட்ரோலுக்கு கேன், முழங்காலுக்குக் கவசம் என்று ஏற்பாடுகளைப் பார்த்தால் திபெத்தையே பிடித்துவிடப் போகிறார்கள் என்று தோன்றும். இவர்கள் மணாலி தாண்டி, லே தாண்டி, 17,500 அடிக்கும் மேலே உள்ள கர்துங் லா கணவாயில் பெயர்ப்பலகை முன்பு நின்று படம் எடுத்துக்கொள்ளும்போது, அந்தப் படத்தின் ஓரத்தில் ஒரு 100 சிசி வண்டியும் நிற்பது இப்போதெல்லாம் சகஜம். மலப்புரம் பதிவெண்ணோ, மதுரைப் பதிவெண்ணோ இருக்கும். கல்லூரி முடித்த பையன் ஒருவன் அப்பாவின் வண்டியில் துணிப்பையைக் கட்டிக்கொண்டு வந்திருப்பான்.

அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடச் சற்றே அதிகம். எட்டு குதிரைசக்தி என்ஜின் நாலு, நாலரை ஆகிவிடும். பின்னால் ஆள் இருந்தால் ஏற்றத்தில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும். ஆனால் புல்லட்டுக்கும் அதே விகிதத்தில்தான் சக்தி குறையும். தவிர, பனி உருகி ஓடும் அந்தப் பாதையில் இருவரும் போகிற வேகம் மணிக்கு இருபது கிலோமீட்டர்தான். அங்கே பந்தயம் வேகத்தில் இல்லை, விழுந்த வண்டியை யார் தூக்குவது என்பதில்தான்.

சின்ன வண்டியை ஏன் வாங்கினீர்கள் என்று யாரைக் கேட்டாலும் மைலேஜ் என்பார்கள். "கித்னா தேதி ஹை?" என்று வட இந்தியாவில் கார் வாங்குகிறவர்கூடக் கேட்பார், அதை வைத்து விளம்பரமே எடுத்திருக்கிறார்கள். கணக்கு நியாயமானதுதான். தினம் 50 கிலோமீட்டர் ஓடுகிற விற்பனைப் பிரதிநிதி வருடத்தில் 300 நாள் ஓடினால் 15,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 தரும் வண்டி 250 லிட்டர் குடிக்கும். 35 தரும் வண்டி கிட்டத்தட்ட 430 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 18,000 ரூபாய். ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணம். இதில் வாதாட எதுவும் இல்லை. ஆனால் ஏழை நாடு, எனவே சின்ன வண்டி என்று இத்துடன் முடித்துவிடுகிறார்களே, அதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

முதலில், 100 சிசி என்ற எண் நாம் தேர்ந்தெடுத்ததே அல்ல. டெல்லியில் ஏதோ ஒரு பவனில் கோப்பின் மீது எழுதப்பட்ட எண் அது. 1980களின் தொடக்கத்தில் இரு சக்கர வாகனத் தொழிலில் அன்னியக் கூட்டுக்கு அரசு கதவைத் திறந்தபோது, திறந்த இடைவெளி 100 சிசி அகலம்தான். அதற்கு மேற்பட்ட என்ஜினுக்கு அனுமதி கிடையாது. ஆகவே ஜப்பானின் நான்கு கம்பெனிகளும் வரிசையாக அந்தச் சந்து வழியாக நுழைந்தன. 1984-ல் ஹோசூரிலிருந்து இண்ட்-சுசுகி வந்தது. 1985-ல் ஹரியானாவின் தாருஹேராவிலிருந்து ஹீரோ ஹோண்டா சிடி 100. அதே ஆண்டு யமஹா ஆர்எக்ஸ் 100, அடுத்த ஆண்டு கவாசாகி பஜாஜ். அதுவரை மோட்டார் சைக்கிள் என்றால் புல்லட், ராஜ்தூத், மைசூர் ஜாவாவின் வாரிசான யெஸ்டி, இவ்வளவுதான். குடும்பஸ்தர்கள் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள்.

அதிகாரிகள் நினைத்தது எரிபொருள் சிக்கனம். நடந்தது வேறு. இளைஞனின் கைக்கு அடங்குகிற மோட்டார் சைக்கிளை இந்தியா முதல் முறையாகப் பார்த்தது. பழைய புல்லட்டை ஸ்டார்ட் செய்ய ஒரு பயிற்சியே வேண்டும். அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஷன் நெம்புகோலை அழுத்தி, பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, பிறகு உதைக்க வேண்டும். தப்பினால் கிக்கர் திருப்பி உதைக்கும். கணுக்காலில் அந்தத் தழும்பைப் பெருமையோடு காட்டும் மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. புதிய வண்டிகளை வேட்டி கட்டிக்கொண்டும் உதைக்கலாம். வேட்டிக்காரர்கள் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

ஆர்எக்ஸ் 100-ஐப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் போனால் நாற்பது வயது தாண்டிய வாசகர்கள் மன்னிக்க மாட்டார்கள். 98 சிசி, 11 குதிரைசக்தி, எடை நூறு கிலோ அளவில். இந்த எண்களைத் தனித்தனியே பார்த்தால் ஒன்றுமில்லை. சேர்த்துப் பார்த்தால்தான் சிக்னலில் பச்சை விழுந்தவுடன் பெரிய வண்டிகளெல்லாம் கண்ணாடியில் சிறுத்துப்போன ரகசியம் புரியும். சக்தி முக்கியமல்ல, ஒரு கிலோவுக்கு எவ்வளவு சக்தி என்பதே முக்கியம் என்ற இயற்பியல் பாடத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களைவிட அந்த வண்டியின் மேல் உட்கார்ந்து கற்றவர்கள் அதிகம். 1996-ல் தயாரிப்பு நின்றது. டூ ஸ்ட்ரோக் புகைக்கு வந்த கட்டுப்பாடுகள் அந்த வம்சத்தையே முடித்துவைத்தன. இன்றைக்கும் நல்ல நிலையில் ஒரு ஆர்எக்ஸ் விலைக்கு வந்தால், புது 100 சிசி வண்டியைவிட அதிக விலை சொல்கிறார்கள், கொடுக்கவும் செய்கிறார்கள். லேசான வண்டியை மனிதர்கள் வறுமையினால் மட்டுமே வாங்குகிறார்கள் என்று சொல்கிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்களோ தெரியவில்லை.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 1983-ல் எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்த ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்டி 350-தான் அது. இரண்டு சிலிண்டர், பாய்ந்து போகும். அன்றைய இந்திய ரோட்டில் அது போகிற வேகத்துக்கு பிரேக்கும் போதவில்லை, ரோடும் போதவில்லை, பெட்ரோலும் போதவில்லை. சில ஆண்டுகளில் ஓய்ந்துவிட்டது. இப்போது சேகரிப்பாளர்கள் அதைக் கண்ணாடிப் பாத்திரம் போல வைத்துத் துடைக்கிறார்கள்.

இதெல்லாம் நம் நாட்டுக்கு மட்டும் உரிய சமாசாரமல்ல. 1958-ல் ஹோண்டா கம்பெனி சூப்பர் கப் என்ற 49 சிசி வண்டியைச் செய்தபோது, அதன் பங்குதாரர் தகேயோ ஃபுஜிசாவா சொன்னதாக ஒரு கதை உண்டு. சோபா நூடுல்ஸ் தட்டை ஒரு கையில் ஏந்தி மறுகையால் ஓட்டுகிற மாதிரி வண்டி வேண்டும் என்றாராம். அதனால்தான் அதில் கிளட்ச் பிடியே கிடையாது. இடக்கை நூடுல்ஸுக்கு. அந்த வண்டியும் அதன் வாரிசுகளும் 2017-ல் பத்துக் கோடி எண்ணிக்கையைத் தாண்டின. உலகத்தில் எந்த மோட்டார் வாகனமும் அவ்வளவு விற்றதில்லை. வேகத்தைக் கேட்டவர்களுக்காக அல்ல, சாப்பாடு கொண்டுபோகிற பையனுக்காகச் செய்த வண்டி. இன்றைக்கு டெல்லி, குர்காவ் சாலைகளில் முதுகில் பெட்டியைச் சுமந்து சாப்பாடு கொண்டுபோகிற பையன்கள் எதில் போகிறார்கள் என்று பாருங்கள். அறுபது வருடத்தில் தொழிலும் மாறவில்லை, வண்டியின் அளவும் பெரிதாக மாறவில்லை. பையனின் வருமானத்தைப் பற்றி வேறொரு வாரம் எழுதலாம்.

இனி எடை. இதுதான் நான் சொல்ல வந்தது.

ஸ்ப்ளெண்டரின் எடை சுமார் 112 கிலோ. இப்போது வருகிற புல்லட் 195 கிலோ. ஹோசூரில் செய்கிற டிவிஎஸ் எக்ஸ்எல் 100, தொண்ணூறு கிலோகூட இல்லை. சராசரி இந்திய ஆண் அறுபத்தைந்து கிலோ இருந்தால் நன்றாகச் சாப்பிடுகிறவர் என்று அர்த்தம். ஓடுகிற வண்டியில் எடை தெரியாது. சக்கரம் சுழல்கிற வரை வண்டி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். எடை தெரிவது நிற்கும்போதும், நிற்கப் போகும்போதும்தான். நம் ஊர்களில் வண்டி ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற, ஊர்கிற, திரும்புகிற நேரம் அதிகம். ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் வீட்டு வராந்தாவிலிருந்து இரண்டு படி இறக்க வேண்டும், தெருவில் விட்டால் திருட்டு போகும் என்று இரவில் உள்ளே ஏற்றி வைத்ததால். அலுவலக நிறுத்துமிடத்தில் உங்கள் வண்டிக்கு முன்னால் நாலு வண்டி நிற்கும். பின்சக்கரத்தைக் கையால் தூக்கி நகர்த்தி வைத்தால்தான் வழி. மாலையில் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய பள்ளத்தின் மேல் ஒரு பலகை. மழை பெய்தால் முழங்கால் தண்ணீரில் உருட்ட வேண்டும். பஞ்சர் ஆனால் ஒரு கிலோமீட்டர். பெட்ரோல் தீர்ந்தால் இன்னும் அதிகம். அப்போதும் யாரோ முன்பின் தெரியாத ஒருவர் தன் வண்டியில் பக்கத்தில் வந்து, உங்கள் ஃபுட்ரெஸ்ட்டில் காலை வைத்துத் தள்ளியே பெட்ரோல் பங்க் வரை கொண்டு விடுவார். இந்த நாட்டில் இன்னமும் மிச்சமிருக்கிற நாகரிகங்களில் அது ஒன்று. 195 கிலோவை அப்படித் தள்ளச் சொல்லிப் பாருங்கள், நாகரிகத்துக்கும் ஓர் அளவு உண்டு.

ஆகவே கேள்வி, ஓட்ட முடியுமா என்பதல்ல. ஓட்ட யாராலும் முடியும். தள்ள முடியுமா, தூக்க முடியுமா, சாய்ந்தால் பிடிக்க முடியுமா என்பதே. இருக்கையின் உயரம் இதில் சேர்த்தி. ஸ்ப்ளெண்டரில் 785 மில்லிமீட்டர். ஐந்தரை அடிக்குக் குறைவான ஆளும் இரண்டு காலையும் தரையில் ஊன்றலாம். பின்னால் மனைவி ஒருபக்கமாகப் புடவையில் உட்கார்ந்து, மடியில் குழந்தை, கையில் காய்கறிப் பை. வண்டி நிற்கும் ஒவ்வொரு முறையும் இத்தனை எடையும் ஓட்டுகிறவனின் ஒரு காலில் இறங்கும். பின்சக்கரத்தைப் பாதி மூடும்படி புடவைக் காப்பு வைக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியிலேயே எழுதிய நாடு இது. வண்டியில் யார் உட்காரப் போகிறார்கள் என்று சட்டம் எழுதியவருக்கே தெரிந்திருக்கிறது.

வயதும் இருக்கிறது. நாற்பது வருடம் புல்லட் ஓட்டிய பஞ்சாபி பெரியவர்கள் முழங்கால் கெட்டபின் சத்தமில்லாமல் மொபெட்டுக்கும் ஸ்கூட்டருக்கும் இறங்கி வருவதை எங்கள் காலனியில் பார்க்கிறேன். புல்லட் பேரனுக்குப் போகும், அவன் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவான். பெரியவரின் கௌரவத்துக்குப் பங்கமில்லை என்று எல்லோரும் ஒப்புக்கு நடந்துகொள்வார்கள்.

மெக்கானிக்கைச் சொல்லாமல் விட முடியாது. சிடி 100-ன் 97.2 சிசி என்ஜினின் அடிப்படை அமைப்பு அப்படியே ஸ்ப்ளெண்டருக்கு வந்தது. ஸ்ப்ளெண்டர் 1994-ல் வந்தது. 2010 டிசம்பரில் ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக அறிவித்த பிறகும் அந்த என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரே அமைப்பு முப்பது, நாற்பது வருடம் ஓடினால் என்ன ஆகும்? பீகாரில் எந்தக் கூட்டுரோட்டிலும், வேப்பமரத்தடியில் ஒரு டப்பாவில் அதற்கு கிளட்ச் கேபிள் கிடைக்கும். பழுது பார்க்கிற பையனுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கழற்றி மாட்டத் தெரியும். மற்ற வண்டிக்காரர் சர்வீஸ் சென்டரைத் தேடி நாற்பது கிலோமீட்டர் போகும் நேரத்தில் இவர் டீ குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பார். தூரப்பயணம் போகிறவர்களுக்கு இது புரியும். 2009-ல் நேதன் மில்வர்ட் என்ற ஆங்கிலேயர் ஆஸ்திரேலியத் தபால்காரர்கள் ஓட்டும் 105 சிசி ஹோண்டாவில் சிட்னியிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிப் போயும் சேர்ந்தார். 1952-ல் சே குவேராவும் நண்பரும் தென் அமெரிக்காவைச் சுற்றப் புறப்பட்ட நார்ட்டன் 500 சிசி வண்டிக்கு, 'சக்தி வாய்ந்தவள்' என்று பெயர். அந்த சக்திசாலி சிலியிலேயே உயிரை விட்டது. மீதி தூரத்தை நடந்தும் லாரியில் தொற்றிக்கொண்டும் கடந்தார்கள். புரட்சிக்கு அது நல்லதாகப் போயிற்று என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, சொல்லக் கசப்பான இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு நாற்பத்து நாலுக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். வண்டி சின்னது என்பதால் இறந்தார்கள் என்று இந்த எண்ணிலிருந்து முடிவுக்கு வர முடியாது. இங்கே ஓடுவதெல்லாம் பெரும்பாலும் சின்ன வண்டிதான் என்பதால் இறப்பும் அதில்தான் நிகழும். ஆனால் ஒன்று நிச்சயம். 1985-ல் இந்த வண்டிகள் வந்தபோது தேசிய நெடுஞ்சாலையில் லாரி அறுபதில் போனது, இவையும் அறுபதில் போயின. இன்று ஆறு வழிச் சாலையில் கார்கள் நூறைத் தாண்டிப் போகின்றன. 100 சிசி வண்டி அதே அறுபதில், இடது ஓரத்தில், பால் கேனோடு போகிறது. லாரி தாண்டும்போது எழுகிற காற்றே நூறு கிலோ வண்டியை ஓர் அடி நகர்த்தும். நகரத்தில் வரமாக இருந்த லேசு இங்கே சாபமாகிவிடுகிறது. சாலையை மாற்றியவர்கள் வண்டிக்காரனை மறந்துவிட்டார்கள். அவனுக்கென்று ஒரு தனிப் பாதை எத்தனை சாலைகளில் இருக்கிறது? பக்கத்துக் கிராமத்துக்குப் போக நாலு கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்றால் அவன் எதிர்த்திசையில்தான் வருவான். குற்றம்தான். ஆனால் அந்த இடைவெளியை அடைத்த என்ஜினீயருக்கு இதில் பங்கே இல்லையா?

பிரேக் விஷயத்தில் சட்டம் இரண்டு கண்ணால் பார்க்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமாயிற்று. அதாவது சடன் பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காது. அதற்குக் கீழ்ப்பட்ட வண்டிகளுக்கு முன், பின் பிரேக்கைச் சேர்த்துப் பிடிக்கும் எளிய ஏற்பாடு போதும் என்று விட்டார்கள். எல்லா வண்டிக்கும் ஏபிஎஸ் வேண்டும் என்று 2025 ஜூனில் மத்திய அரசு ஒரு வரைவு விதியை வெளியிட்டதும் தயாரிப்பாளர்கள் அலறினார்கள். சில ஆயிரம் ரூபாய் விலை ஏறும், ஏழை வாங்க மாட்டான் என்றார்கள்.

ஏழை வாங்க மாட்டான் என்பது பொய்யல்ல. 2018-19-ல் உள்நாட்டில் இரண்டு கோடியே பதினொரு லட்சம் இரு சக்கர வாகனங்கள் விற்றன. அதன் பிறகு வரிசையாக அடி. 2018 செப்டம்பரிலிருந்து புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸை முதலிலேயே கட்ட வேண்டும் என்றாயிற்று. பிறகு மேலே சொன்ன பிரேக் விதி. 2020 ஏப்ரலில் புகை விதி மாறி கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்தது. கூடவே கொரோனா. 2021-22-ல் விற்பனை ஒரு கோடியே முப்பத்தைந்து லட்சத்துக்கு வந்து நின்றது. அதிகம் அடி வாங்கியது மிகச் சின்ன, மிக மலிவான வண்டிகள்தான். பெரிய வண்டிக்காரர்கள் எப்படியோ வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு விதியும் தனியாகப் பார்த்தால் நியாயமானது. புகை குறைய வேண்டும், இன்ஷூரன்ஸ் வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து 112 கிலோ வண்டியின் மேல் ஏற்றினால்தான் கிராமத்துப் பால்காரன் மீண்டும் சைக்கிளைத் துடைக்கிறான்.

ஆனாலும் ஏபிஎஸ் விஷயத்தில் நான் தயாரிப்பாளர் பக்கமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 80,000 ரூபாய் வண்டியில் இது ஆறாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். விலையேற்றம் என்று அவர்கள் சொன்ன சில ஆயிரத்துக்கு இதிலேயே இடம் இருக்கிறது. வாங்குகிறவன் பழைய விலையையே கொடுத்து, பிடிக்கிற பிரேக்கோடு வீட்டுக்குப் போகலாம். அரசு 350 சிசி வரை ஒரே தட்டில் வைத்து வரியைக் குறைத்ததுதான் எனக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை புல்லட்டுக்கும் பால் கேன் வண்டிக்கும் ஒரே வரி. இன்ஷூரன்ஸ்காரர்களுக்குக்கூட வித்தியாசம் தெரிந்திருக்கிறது. 2022-ல் அறிவித்த மூன்றாம் நபர் கட்டணம் 150 சிசி வரை வருடத்துக்கு 714 ரூபாய், அதற்கு மேல் 350 வரை 1,366. இந்தக் கோட்டை நிதியமைச்சகம் கடன் வாங்கியிருந்தால், சின்ன வண்டிக்கு இன்னும் இரண்டு, மூன்று சதவீதம் குறைத்திருக்க முடியும். ஹெல்மெட்டும் ஒன்று சேர்த்துக் கொடுத்திருக்கலாம், பின்னால் உட்கார்கிற அம்மாளுக்கு.